எவ்வளவு எண்ணெய், யாருடைய எண்ணெய்? இந்தியக் கடல்களில் ஹைட்ரோகார்பன் மாசை அளந்து தடம்பிடித்த ஐம்பது ஆண்டுகள்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கடல்நீரில் கலந்த பெட்ரோலிய எண்ணெயை அளக்கும் பணி 1970களின் நடுவில் கோவாவில் தொடங்கியது. 1980களில் அது டெல்லியின் நிர்வாகத்துக்குள் வந்தது. 1990களில் நாடு தழுவிய கண்காணிப்பாக வளர்ந்தது. ஒதுங்கிய எண்ணெய் எங்கே பிறந்தது என்று கண்டறியும் வேதியியல் இங்கு வேரூன்ற 2010களாயிற்று. 'எவ்வளவு' என்ற கேள்விக்கும் 'யாருடையது' என்ற கேள்விக்கும் வெவ்வேறு கருவிகள் வேண்டும். நம் விதிகளோ இன்னமும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. கோவா, குஜராத், எண்ணூர் ஆகிய மூன்று கரைகளில் நடந்த ஆய்வுகளைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், தார் உருண்டை, உயிர்ச்சுவடு, எண்ணூர், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்.

முன்னுரை

டெல்லி லோதி சாலையில் உள்ள மத்திய அரசு அலுவலக வளாகத்தின் 12ஆம் தொகுதிக்கு மகாசாகர் பவன் என்று பெயர். எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைக் காணப் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டிய ஊரில் பெருங்கடலின் பெயரால் ஒரு கட்டடம். நாட்டின் கடல் ஆய்வுத் திட்டங்களுக்கான பணமும் ஆணையும் நெடுங்காலம் இங்கிருந்துதான் சென்றன. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் நடத்திய ஆய்விதழுக்கும் 'மகாசாகர்' என்றே பெயர். இந்தியக் கடல்களில் எண்ணெய் கலப்பது பற்றிய தொடக்ககாலக் கட்டுரைகள் சில அந்த இதழில்தான் வெளியாயின. இதழில் அச்சான எண்கள் கட்டடத்துக்கு வந்து, திட்டமாகவும் விதியாகவும் வழக்காகவும் மாறிய வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

ஹைட்ரோகார்பன் என்ற சொல் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 2017 பிப்ரவரியில், நிலத்தடி ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த நெடுவாசல் போராட்டம் அதை ஊர்த் திண்ணைவரை கொண்டுவந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி உலை எண்ணெய் கரையேறியிருந்தது. நிலத்தடியில் இருக்கும்போது திட்டத்தின் பெயராகவும் கடலில் கொட்டும்போது 'ஆயில்' ஆகவும் வழங்குவது ஒரே பொருள்தான்: கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை. அவற்றில் சில ஒரே நாளில் ஆவியாகிப் போகும், சில நீரில் கரையும், சில நுண்ணுயிர்களுக்கு இரையாகும். பென்சீன் வளையங்கள் பல ஒட்டிக்கொண்ட பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்கள் சேற்றிலும் சிப்பியிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும். ஆகவே 'கடலில் எண்ணெய் எவ்வளவு' என்று கேட்கும்போதே, அந்தக் கலவையின் எந்தப் பகுதியை, எந்த நாளில் கேட்கிறோம் என்ற துணைக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

தார் உருண்டையிலிருந்து தொடக்கம்

1967 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே டாரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் ஏறியது. ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கலந்ததை உலகம் அன்று தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969 செப்டம்பரில், அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மவுத் அருகே ஃபுளோரிடா என்ற சரக்குப் படகு தரைதட்டியது. டாரி கேன்யனோடு ஒப்பிட்டால் அது சிறு விபத்துதான். ஆனால் அருகிலேயே வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் இருந்தது. அங்கிருந்த மேக்ஸ் புளூமர், சதுப்புச் சேற்றை எடுத்து வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் இட்டுப் பார்த்தார். கண்ணுக்கு எண்ணெய் மறைந்த பின்னும் அதே எண்ணெய் சேற்றுக்குள் கிடப்பதை அவர் காட்டினார். முப்பது ஆண்டுகள் கழித்துத் தோண்டியவர்களும் அதன் எச்சத்தை அங்கே கண்டார்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் சாட்சி போதாது, கருவியின் சாட்சி வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது அப்போதுதான்.

இந்தியாவுக்கும் அதே காலத்தில் பாடம் வந்து சேர்ந்தது. 1973 ஜூனில் போர்பந்தருக்கு அப்பால் காஸ்மாஸ் பயனியர் கப்பல் விபத்துக்குள்ளாகி டீசல் எண்ணெய் கடலில் கலந்தது. 1974 செப்டம்பரில் டிரான்ஸ்ஹூரான் என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் இலட்சத்தீவின் கில்தான் தீவுப் பவளப்பாறையில் ஏறி, உலை எண்ணெயைக் கொட்டியது. அந்த நிகழ்வைப் பதிவு செய்த கட்டுரை அதே ஆண்டு 'மகாசாகர்' இதழில் வந்தது. எழுதியவர்களில் முதல்வர் சையத் ஜாகூர் காசிம், அப்போதுதான் தேசியக் கடலியல் நிறுவனத்தின் இயக்குநரானவர். இந்தியப் பெருங்கடல் பன்னாட்டு ஆய்வுப் பயணத்தின் தொடர்ச்சியாக 1966 ஜனவரி 1 அன்று உருவான நிறுவனம் அது.

விபத்துகளைவிடப் பரவலாக இருந்தது தார் உருண்டை. பாரசீக வளைகுடாவிலிருந்து கிழக்காசியா செல்லும் கப்பல்கள் அரபிக்கடலைக் கடந்து, இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றிப் போகின்றன. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பல்கள் தொட்டிகளைக் கடல்நீரால் கழுவி, கழுவிய நீரைக் கடலிலேயே விடுவது அந்நாளில் வழக்கம். அந்தக் கசடு அலையிலும் வெயிலிலும் அடிபட்டு, லேசான பகுதிகளை இழந்து, இறுகி உருண்டையாகிறது. தென்மேற்குப் பருவக் காற்று அதை மேற்குக் கரையில் கொண்டுவந்து தள்ளுகிறது. வெளியே மணல் பூசிய கருங்கல்போல் இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே இளகும். காலில் ஒட்டினால் சோப்புக்கு அசையாது, தேங்காயெண்ணெயோ மண்ணெண்ணெயோ தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். மேற்குக் கரையில் இவை ஒதுங்குவது பற்றி தார்கல்கர், குரேஷி, பந்தாரே ஆகியோர் எழுதிய கட்டுரை 1977இல் 'மகாசாகர்' இதழில் வெளியானது. கரையில் கிடந்ததைப் பொறுக்கி எடை போடுவதுதான் நம் முதல் அளவை முறை.

ஒளிரும் குப்பி

கரையில் கிடப்பதை எடை போடலாம். நீரில் கரைந்ததை என்ன செய்வது? உலக வானிலை அமைப்பும் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையமும் சேர்ந்து 1975இல் ஒரு முன்னோடிக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கின. அது 1980வரை நடந்தது. கண்ணில் படும் எண்ணெய்ப் படலம், மிதக்கும் தார், கரையில் ஒதுங்கிய தார், மேற்பரப்புக்கு ஒரு மீட்டர் கீழே உள்ள நீரில் கரைந்த ஹைட்ரோகார்பன் ஆகிய நான்கையும் எல்லா நாடுகளும் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இம்முறைகளைத் தொகுத்த கையேட்டைக் கடலியல் ஆணையம் 1984இல் வெளியிட்டது.

நீரில் கரைந்த எண்ணெயை அளக்கும் வழியைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் இன்றைய குழப்பங்கள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. குப்பி கண்ணாடியாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. முன்கூட்டியே ஹெக்சேனால் அதைக் கழுவியிருக்க வேண்டும். மூடியபடியே நீருக்குள் இறக்கி, மேலே மிதக்கும் படலத்தைத் தாண்டிய பின்தான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் படகின் டீசலே மாதிரிக்குள் புகுந்துவிடும். எடுத்த நீரில் ஹெக்சேனை ஊற்றிக் குலுக்கினால் எண்ணெய் ஹெக்சேனுக்கு மாறிவிடும். அதன்மீது 310 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், அரோமேட்டிக் சேர்மங்கள் அதை உறிஞ்சி 360 நானோமீட்டர் அருகே ஒளிரும். ஒளிர்வு எவ்வளவோ அவ்வளவு எண்ணெய்.

'அவ்வளவு' என்பதைச் சொல்ல ஒரு படிக்கல் வேண்டுமல்லவா? கிரைசீன் என்ற தூய சேர்மத்தைப் படிக்கல்லாக வைத்தது முன்னோடித் திட்டம். சில ஆய்வகங்கள் கச்சா எண்ணெயையே படிக்கல்லாக வைத்தன. ஒரே நீரைக் கிரைசீனால் நிறுத்தால் ஓர் எண் வரும், கச்சா எண்ணெயால் நிறுத்தால் வேறோர் எண் வரும். இரண்டும் மைக்ரோகிராம் என்றே அச்சாகும். படிக்கல் எது என்று அடிக்குறிப்பில் பார்க்காமல் இரு ஆய்வகங்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடல் கெட்டது அல்லது தேறியது என்று சொல்வது தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும். ஒளிர்வு முறை அரோமேட்டிக் பகுதியை மட்டுமே பார்க்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அது விரைவானது, செலவு குறைந்தது, கப்பலிலேயே செய்யத்தக்கது. ஆனால் அந்த எண்ணெய் வளைகுடாவிலிருந்து வந்ததா, பக்கத்து ஆலையிலிருந்து வந்ததா என்று அதனால் சொல்ல முடியாது.

வட இந்தியப் பெருங்கடலின் சில பகுதிகளில் கரைந்துள்ள ஹைட்ரோகார்பன்கள் பற்றி சென்குப்தா, காசிம், ஃபோண்டேகர், தோப்கி ஆகியோர் 1980இல் வெளியிட்ட கட்டுரையும், எண்ணெய் மாசின் அன்றைய நிலை பற்றி சென்குப்தாவும் குரேஷியும் 1981இல் எழுதியதும் இந்தக் காலத்தின் விளைச்சல். இவற்றின் மதிப்பு பின்னால்தான் தெரிந்தது. 1991 வளைகுடாப் போரில் பெருமளவு எண்ணெய் கடலில் விடப்பட்டபோது, வடக்கு அரபிக்கடலின் நிலையைச் சென்குப்தாவும் ஃபோண்டேகரும் அழகர்சாமியும் ஆய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்ற அடிநிலை அளவு கையில் இருந்தால்தான் பின்பு எவ்வளவு கூடியது என்ற கேள்விக்குப் பொருளே உண்டு.

கோவாவிலிருந்து டெல்லிக்கு

1981 ஜூலையில் கடல்வள மேம்பாட்டுத் துறை டெல்லியில் உருவானது. கோவாவில் எண்ணெயை அளந்த காசிம் டெல்லிக்கு வந்து சுற்றுச்சூழல் துறையின் செயலரானார். இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணத்துக்குத் தலைமை தாங்கி 1982 ஜனவரியில் அங்கே இறங்கினார். பின்னர் 1980களில் கடல்வள மேம்பாட்டுத் துறையின் செயலராகப் பணியாற்றினார். ஆய்வகத்தில் இருந்தவர் நிதி ஒதுக்கும் நாற்காலிக்கு வந்தது கண்காணிப்புத் திட்டங்களுக்கு வழிவகுத்தது.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் டெல்லியில் அடுக்கடுக்காக ஏற்பாடுகள் நடந்தன. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கப்பல்களால் ஏற்படும் மாசைத் தடுக்கும் மார்பால் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது. கடலில் எண்ணெய் கொட்டினால் எதிர்கொள்ளும் பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு வந்ததும் அவ்வாண்டுதான். 1990களின் தொடக்கத்தில் 'கோமாப்ஸ்' என்ற கடலோர நீர்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கி, கரைநெடுகப் பல இடங்களில் நீரின் பல பண்புகளோடு பெட்ரோலிய ஹைட்ரோகார்பனையும் அளக்கத் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பு பின்னர் சென்னையில் உள்ள மையத்துக்கு வந்தது. இன்று அதன் பெயர் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம்.

1993இல் மும்பை ஹை என்ற கடல் எண்ணெய் வயலின் குழாய் உடைந்து பல ஆயிரம் டன் கச்சா எண்ணெய் கசிந்தது. அவ்வாண்டே செயலர்கள் குழு ஏற்ற தேசிய எண்ணெய்க்கசிவுப் பேரிடர் எதிர்கொள்ளும் திட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. 700 டன்வரை ஒரு படிநிலை, 10,000 டன்வரை அடுத்தது, அதற்கு மேல் மூன்றாவது என்று அது கசிவை வகைப்படுத்துகிறது. இந்தத் திட்டமும் 'எவ்வளவு' என்ற கேள்வியின் மேல்தான் நிற்கிறது. எத்தனை கப்பல், எத்தனை மிதவைத் தடுப்பு அனுப்புவது என்று முடிவு செய்ய அது போதும். யார் பணம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்ய அது உதவாது.

வரம்பு எண்களின் குறை

ஆலைக் கழிவுநீரைக் கடலில் விட நம் விதிகள் வைத்துள்ள பொது வரம்பு, லிட்டருக்கு 20 மில்லிகிராம் 'எண்ணெயும் கிரீஸும்'. ஆறு குளங்களில் விட 10 மில்லிகிராம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008இல் திருத்திய வரம்பு 5 மில்லிகிராம். ஆனால் உப்பளம், சிப்பி, மீன் வளர்ப்புக்கு உரிய முதல்வகைக் கடலோர நீரில் எண்ணெய் 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மீன் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆகாது என்கிறது கடல்நீர்த் தர அளவுகோல். ஒன்று குழாயின் வாயில் அளப்பது, மற்றது கடலில் அளப்பது. இரண்டுக்கும் இடையே நீர்த்துப்போகும் என்று விதி நம்புகிறது. எண்ணூர்போல் நீர் தேங்கும் கழிமுகத்தில் அந்த நம்பிக்கை எவ்வளவு செல்லும் என்பது வேறு விவாதம்.

இன்னும் அடிப்படையான சிக்கல், 'எண்ணெயும் கிரீஸும்' என்ற அளவை எதைக் காட்டுகிறது என்பது. நீரிலிருந்து ஹெக்சேனில் கரைந்து வருவதையெல்லாம் எடுத்து, ஹெக்சேனை ஆவியாக்கி, மிஞ்சியதைத் தராசில் வைக்கும் முறை இது. உலை எண்ணெயும் மிஞ்சும், வீட்டுச் சாக்கடையில் வந்த பாமாயிலும் மிஞ்சும், இறைச்சிக் கொழுப்பும் மிஞ்சும். தராசுக்கு எல்லாம் ஒன்றே. நகரத்துச் சாக்கடையும் ஆலை வடிகாலும் ஒரே கால்வாயில் கலக்கும் இடத்தில், இந்த எண்ணை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்றும் சொல்ல முடியாது, இன்னொருவரை நிரபராதி என்றும் சொல்ல முடியாது.

எண்ணெயின் கைரேகை

பிறப்பிடம் தேடும் முறை, எண்ணெய் ஒரு காலத்தில் உயிராக இருந்தது என்ற உண்மையில் தொடங்குகிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த பாசியும் பாக்டீரியாவும் செடியும் புதைந்து வெந்துதான் எண்ணெயாயின. அவற்றின் உடலில் இருந்த சில மூலக்கூறுகள் அடிப்படைக் கட்டமைப்பு சிதையாமல் எண்ணெயில் தங்கிவிட்டன. பாக்டீரியாவின் உறையிலிருந்து வந்தவை ஹோப்பேன்கள். பாசி முதலியவற்றின் ஸ்டீராய்டுகளிலிருந்து வந்தவை ஸ்டெரேன்கள். பூக்கும் தாவரங்கள் விட்டுச்சென்றது ஒலியனேன். தென்கிழக்காசிய எண்ணெய்கள் பலவற்றில் இது தூக்கலாகக் காணப்படும். எந்தக் கடலடியில், எந்த உயிர்கள், எவ்வளவு சூட்டில் வெந்தன என்பதற்கேற்ப இந்த உயிர்ச்சுவடுகளின் விகிதம் வயலுக்கு வயல் மாறும்.

வாயு வண்ணப்பிரிகையோடு நிறை நிறமாலைமானியை இணைத்து, ஹோப்பேனுக்கு 191, ஸ்டெரேனுக்கு 217 என்ற நிறை எண்களை மட்டும் பார்த்தால், மேடும் பள்ளமுமாக ஒரு கோட்டுப்படம் விழும். கரையில் கிடந்த எண்ணெயின் படமும் சந்தேகத்துக்குரிய கப்பல் தொட்டியின் படமும் மேட்டுக்கு மேடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் கைரேகை ஒப்பீடு. ஹோப்பேன் எளிதில் அழியாது. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கொட்டிய எண்ணெய் எவ்வளவு சிதைந்தது என்று கணக்கிட, சிதையாத ஹோப்பேனையே அளவுகோலாக வைத்தார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 1970களின் இறுதியிலிருந்தே இதற்கெனத் தனி ஆய்வகம் வைத்திருக்கிறது.

இந்தியாவில் இதன் வலிமையைக் காட்டிய ஆய்வுகள் இரண்டு. இரண்டும் தேசியக் கடலியல் நிறுவனத்தின் சுனீலும் வேதமணியும் பிறரும் செய்தவை. கோவாக் கடற்கரைகளின் தார் உருண்டைகளை மும்பை ஹை கச்சா எண்ணெயோடும், மேற்காசிய, தென்கிழக்காசிய எண்ணெய்கள் பற்றி அச்சான தரவுகளோடும் ஒப்பிட்டு 2013இல் அவர்கள் எழுதினார்கள். கார்பன் ஐசோடோப்பையும் சேர்த்துப் பார்த்தார்கள். வந்த முடிவு: அது மும்பை ஹை எண்ணெய் அல்ல. தென்கிழக்காசிய எண்ணெய், கப்பல் தொட்டி கழுவலில் வந்தது. அடுத்த ஆண்டு வெளியான கட்டுரை குஜராத்துக்குப் போனது. 2012 ஜூலை நடுவில் தீதல், மரோலி, உம்பர்காவ், நார்கோல் கரைகளில் எடுத்த 12 தார் உருண்டைகளை, மும்பை ஹை வயலின் இரு மாதிரிகள், கெய்ர்ன், நிக்கோ நிறுவன வயல்களின் எண்ணெய், 2010இல் மும்பை அருகே விபத்துக்குள்ளான எம்எஸ்சி சித்ரா கப்பலின் எண்ணெய் ஆகியவற்றோடு ஒப்பிட்டார்கள். நீரோட்டக் கணினி மாதிரியையும் ஓட்டிப் பார்த்தார்கள். கைரேகை மும்பை ஹையைச் சுட்டியது, நீரோட்டம் அதன் வடக்கு வயலைச் சுட்டியது.

ஒரே மேற்குக் கரை, ஒரே பருவக் காற்று, பார்வைக்கு ஒரே கருப்பு உருண்டை. ஓரிடத்தில் பழி தொலைதூரக் கப்பலுக்குப் போகிறது, மற்றோரிடத்தில் நம்முடைய வயலுக்கே திரும்பி வருகிறது. 'எல்லாம் வெளிநாட்டுக் கப்பல் செய்த வேலை' என்றோ 'எல்லாம் எண்ணெய்க் கிணறு செய்த வேலை' என்றோ பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு இனி இடமில்லை. இந்த ஒப்பீடு நடந்ததற்குக் காரணம், ஒப்பிடுவதற்கு மூல எண்ணெய்கள் ஆய்வாளர் கையில் கிடைத்ததுதான்.

எண்ணூர்: குறைந்ததும் கூடியதும்

2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. எண்ணெய் கசியவில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. பிறகு வந்த எண்கள் ஏறிக்கொண்டே போயின. கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட கற்சுவரும் தூண்டில் வளைவும் சேரும் மூலைகளில் உலை எண்ணெய் திட்டுத்திட்டாகத் தேங்கியது. எர்ணாவூர்ப் பக்கம் மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளியில் அள்ளினார்கள்.

இக்கசிவை ஆய்ந்த யூலிங் ஹான், சென்னை ஐஐடியின் இந்துமதி நம்பி, அலபாமா பல்கலைக்கழகத்தின் பிரபாகர் கிளமென்ட் ஆகியோரின் கட்டுரை 2018இல் வெளியானது. கசிவை அவர்கள் சுமார் 75 டன் என்று கொள்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் நடந்த பெரும் கசிவின் தார் உருண்டைகளை ஆராய்ந்த அனுபவம் கிளமென்டுக்கு உண்டு. எண்ணூர் எச்சத்தின் ஹோப்பேன், ஸ்டெரேன் கைரேகை தனித்தன்மை உடையது, பின்னாளில் அதை வைத்தே தடம்பிடிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

அவர்கள் தந்த எண்களை வேறொரு கணக்கிலும் இட்டுப் பார்க்கலாம். மூல எண்ணெயில் மொத்த ஹைட்ரோகார்பன் கிலோவுக்கு 5,03,000 மில்லிகிராம். விபத்துக்கு 6 நாள் கழித்துக் கரையில் எடுத்த மாதிரியில் சுமார் 71,000. 62 நாள் கழித்துச் சுமார் 28,000. பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்களோ மூலத்தில் 17,586, ஆறாம் நாளில் 4,854, அறுபத்திரண்டாம் நாளில் 4,016. கரை மாதிரியில் மணலும் நீரும் கலந்திருக்கும். ஆகவே எண்களைத் தனித்தனியே பார்ப்பதைவிட ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்ப்பது நல்லது. மூல எண்ணெயில் அரோமேட்டிக் பங்கு 3.5 சதவீதம். ஆறாம் நாளில் 6.8 சதவீதம். அறுபத்திரண்டாம் நாளில் 14.3 சதவீதம்.

மொத்த எண்ணெயை மட்டும் அளப்பவர், ஆறாம் நாளுக்கும் அறுபத்திரண்டாம் நாளுக்கும் இடையே பத்தில் ஆறு பங்கு போய்விட்டது, கரை தேறிவருகிறது என்று அறிக்கை எழுதலாம். மிஞ்சிய ஒவ்வொரு கிராம் எண்ணெயிலும் நச்சுப் பகுதியின் பங்கு மூல எண்ணெயில் இருந்ததைப்போல் நான்கு மடங்காகியிருப்பதை அந்த அறிக்கை காட்டாது. முகத்துவாரத்தில் கையால் துழாவி இறால் பிடிப்பவரின் விரல் படுவது மிஞ்சிய அந்தக் கிராமில்தான்.

ஆறு ஆண்டுகள் கழித்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் மறுபடி வந்தது. இம்முறை கடலிலிருந்து அல்ல, நிலத்திலிருந்து. மணலித் தொழிற்பகுதியின் வெள்ளம் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் இறங்கியபோது எண்ணெயும் சேர்ந்து இறங்கியது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் போன்ற ஊர்களில் படகும் வலையும் அலையாத்திச் செடியும் கருத்தன. இறகில் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படம் நாளிதழ்களில் வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கே முதலில் எழுந்த கேள்வி 'யாருடையது' என்பதே. தன் குழாய் எதிலும் கசிவில்லை என்றது மணலியில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலியம் கழகம். அதன் மழைநீர் வடிகால் வாயில் எண்ணெய்த் தடம் இருப்பதைச் சுட்டியது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சுற்றிலும் ஆலைகள் நிறைந்த பகுதியில், ஒவ்வோர் ஆலையின் எண்ணெய் மாதிரியும் முன்கூட்டியே ஓர் ஆய்வகத்தில் இருந்திருந்தால், இந்தக் கேள்வியின் பெரும்பகுதி சில நாட்களில் அடங்கியிருக்கும்.

வானத்துக் கண்ணும் தீர்ப்பாயத்தின் தராசும்

செயற்கைக்கோள் ரேடார் இன்று தடம்பிடிப்பில் பெரும் துணை. எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அமுக்கிவிடுவதால் ரேடார் படத்தில் அந்த இடம் கருப்பாகத் தெரியும். இரவிலும் மேகத்திலும் அது வேலை செய்யும். ஐதராபாதில் உள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம், காற்றும் நீரோட்டமும் எண்ணெயை எங்கே தள்ளும் என்று கணித்துக் கடலோரக் காவல்படைக்கு அறிவிக்கிறது. ஆனால் காற்றில்லாத கடலும் பாசிப் படலமும்கூட ரேடாரில் கருப்பாகவே விழும். ரேடார் இடத்தைச் சொல்லும், அடையாளத்தை வேதியியல்தான் உறுதி செய்யும்.

டெல்லியில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு 2016 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பு இவ்வரலாற்றில் முக்கியமானது. 2011 ஆகஸ்டில் எம்வி ராக் என்ற கப்பல் 60,054 டன் நிலக்கரியோடும் 290 டன் எரிபொருள் எண்ணெயோடும் 50 டன் டீசலோடும் மும்பைக்கு அப்பால் மூழ்கியது. கப்பல் தரப்பு 100 கோடி ரூபாயும் சரக்குக்கு உரிய அதானி எண்டர்பிரைசஸ் 5 கோடி ரூபாயும் கட்ட வேண்டும் என்றது அமர்வு. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாகக் கால் ஊன்றியது, 1996இல் பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர்க் குடிமக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில். இருபது ஆண்டுகள் கழித்து அதே கோட்பாடு கடலுக்கு வந்தது. ஆனால் ராக் வழக்கில் கப்பலின் பெயர் எல்லாருக்கும் தெரியும், அது கடலடியில் கிடந்தது. கோவாக் கரையில் ஒதுங்கும் தார் உருண்டைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அங்கே கோட்பாடு இருந்தும் கட்ட வேண்டியவர் இல்லை.

முடிவுரை

2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதில் 367.1 டன் உலை எண்ணெயும் 84.44 டன் டீசலும் இருந்தன. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் ஈடு கேட்டு உயர் நீதிமன்றம் சென்றது. அந்தக் கரையில் இனி எந்தப் பருவத்தில் கருப்பாக எது ஒதுங்கினாலும், அது எல்சாவினுடையதா வேறொன்றினுடையதா என்ற கேள்வி எழும்.

ஐம்பது ஆண்டுகளில் நாம் தராசிலிருந்து ஒளிர்வளவிக்கும், அதிலிருந்து கைரேகைக்கும் வந்திருக்கிறோம். அறிவியல் குறையவில்லை. விதிதான் முதல் படியிலேயே நிற்கிறது. செய்ய வேண்டியவை மூன்று. கழிமுகங்களில் 'எண்ணெயும் கிரீஸும்' என்ற ஒற்றை எண்ணோடு பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்களுக்கும் தனி வரம்பு வேண்டும். கண்காணிப்பு அறிக்கை ஒவ்வொன்றும் தன் படிக்கல் எது என்று சொல்ல வேண்டும். ஆலை, எண்ணெய் வயல், துறைமுகம் ஆகியவற்றின் எண்ணெய் மாதிரிகளைச் சேர்த்து வைத்து, நீதிமன்றம் ஏற்கும் முத்திரையோடு ஒப்பிட்டுத் தரும் பொது மாதிரியகம் ஒன்று வேண்டும்.

இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மார்பால் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பின்படி, கப்பல் எரிபொருள் ஏற்றும்போதெல்லாம் அதன் மாதிரி ஒன்று முத்திரையிட்ட குப்பியில் எடுக்கப்படுகிறது. ஓராண்டுக்குக் குறையாமல் அதைப் பாதுகாக்க வேண்டும். கந்தக அளவைச் சரிபார்க்க வந்த விதி அது. சரக்காக ஏற்றும் கச்சா எண்ணெய்க்கும் வணிக வழக்கப்படி மாதிரி எடுப்பது உண்டு. நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிலும் அந்தக் குப்பி இருக்கிறது. அதிலிருந்து சில சொட்டுகளைக் கேட்டு வாங்கும் விதியை எழுத வேண்டிய இடம் டெல்லி.